ஹேண்ட்ஹெல்ட் வாங்கும் முன் லேபிளைப் பாருங்கள்

கேள்வி இது: கிடங்கில் 40 பேர், டெலிவரியில் 25 பேர். இதுவரை காகிதத்தில் குறித்து, மாலையில் கணினியில் ஏற்றிவந்த சரக்கு வரவு, எடுப்பு, ஒப்படைப்பு எல்லாவற்றையும் இனி பார்கோடு ஸ்கேன் செய்து நின்ற இடத்திலேயே பதிய வேண்டும். உறை போட்ட சாதாரண ஸ்மார்ட்ஃபோன் போதுமா, அடிபட்டாலும் நனைந்தாலும் தாங்கும் கையடக்கக் கருவியான ரக்கட் ஹேண்ட்ஹெல்ட்தான் வேண்டுமா? வேண்டுமென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கிடங்கில் இருப்பவர்களுக்கு ஸ்கேன் இன்ஜின் (பார்கோடு படிப்பதற்கென்றே உள்ள பாகம்) உள்ள ஹேண்ட்ஹெல்ட். டெலிவரிக்குப் போகிறவர்களில் பலருக்கு நல்ல உறை போட்ட ஃபோனே போதும். ஆனால் உங்கள் இடத்துக்கு இது பொருந்துமா என்பதை ஸ்பெக் ஷீட் சொல்லாது. இந்த விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் கருவி உடைந்து ஏமாறுவது குறைவு. லேபிள் படிக்காமல் போவது, படித்தது தப்பாகப் பதிவாவது, ஷிஃப்ட் முடியுமுன் பேட்டரி தீர்வது, மூலைக்குப் போனால் வைஃபை அறுவது, இவைதான் அடிக்கடி நடப்பவை. அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

லேபிள்

கிடங்கிலிருந்து 30, 40 லேபிள்களைத் திரட்டுங்கள். நல்ல லேபிளாகப் பொறுக்க வேண்டாம். கசங்கியது, ஸ்ட்ரெச் ஃபிலிமுக்கு உள்ளே மாட்டிக்கொண்டது, உருண்டை டப்பாவில் சுற்றி ஒட்டியது, மங்கலாக அச்சானது, மருந்து அட்டையில் இருக்கும் குட்டிச் சதுரம், மேல் ரேக்கில் ஒட்டியிருப்பது என்று வம்பு பிடித்ததாகப் பார்த்து எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று குறிப்பு: எந்த வகை பார்கோடு, அதில் மிக மெல்லிய கோட்டின் அகலம் எவ்வளவு, எவ்வளவு தூரத்தில் நின்று அதைப் படிக்க வேண்டும்.

மெல்லிய கோட்டின் அகலத்தை மில் கணக்கில் சொல்வார்கள். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மி.மீ. கடைப் பொருள்களில் இருக்கும் இஏஎன்-13 பார்கோட்டின் இயல்பான அகலம் 0.33 மி.மீ., அதாவது 13 மில். அதை 80 சதவீதம் வரை சுருக்கியும் 200 சதவீதம் வரை பெருக்கியும் அச்சிடலாம். இந்தக் கணக்கு ஏன் என்றால், ஸ்கேனர் எவ்வளவு தூரம் எட்டும் என்பது கோட்டின் அகலத்தைப் பொறுத்தது. 'ஒரு மீட்டர் வரை படிக்கும்' என்று விற்பனையாளர் சொன்னால், எத்தனை மில் கோட்டில் என்று திருப்பிக் கேளுங்கள். 20 மில்லுக்குச் சொன்ன தூரத்தில் 5 மில்லுக்கு ஒரு சாண் வருவதே பெரிது.

அடுத்தது லேசரா இமேஜரா என்பது. லேசர் ஸ்கேனர் ஒரே ஒரு ஒளிக்கோட்டைப் பார்கோட்டின் மேல் ஓட்டி, திரும்பி வரும் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தைப் படிக்கிறது. அதனால் க்யூஆர், டேட்டா மேட்ரிக்ஸ் போன்ற சதுர பார்கோடுகள் அதற்குப் பிடிபடாது. ஃபோன் திரையில் காட்டும் பார்கோட்டையும் பெரும்பாலும் படிக்காது. இமேஜர் படம் பிடித்துப் படிப்பதால் இரண்டும் வரும், லேபிள் தலைகீழாக இருந்தாலும் வரும். இன்று புதிதாக வாங்கும்போது லேசர் இன்ஜினைத் தேர்வு செய்யக் காரணம் எதுவும் இல்லை.

இமேஜரிலும் சாதாரணத் தூரம், நெடுந்தூரம் என்று இரண்டு வகை உண்டு. ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்தபடி ஐந்தாறு மீட்டர் உயரத்தில் இருக்கும் ரேக் லேபிளைப் படிக்க வேண்டுமென்றால் நெடுந்தூர இன்ஜின் வேண்டும், கூடவே அந்த லேபிளும் பெரியதாக, ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் தாளில் இருக்க வேண்டும். மற்ற எல்லோருக்கும் சாதாரணத் தூரம்தான் நல்லது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று எல்லாவற்றிலும் நெடுந்தூர இன்ஜின் போட்டு வாங்கினால், கையெட்டும் பெட்டியைப் படிக்கப் போய்ப் பின்னால் இருக்கும் பெட்டியைப் படித்துவிடும். ஒரே பெட்டியில் நான்கைந்து பார்கோடு நெருக்கமாக இருந்தால், குறிப்புள்ளி எதன்மேல் விழுகிறதோ அதை மட்டும் படிக்கும் 'பிக் லிஸ்ட்' அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத கருவியால் நாள்தோறும் தகராறு வரும்.

லேபிளை நீங்களே அச்சிடுகிறீர்கள் என்றால், ஸ்கேனரை மாற்றும் முன் பிரின்டரைப் பாருங்கள். தெர்மல் பிரின்டர் ஹெட்டில் ஒரு புள்ளி எரிந்துபோனால், தாள் ஓடும் திசையில் நெடுக ஒரு வெள்ளைக் கீற்று விழும். பார்கோட்டின் கோடுகளும் அதே திசையில் நின்றால் ஏதாவது ஒரு கோடு மெலிந்து, மொத்தமும் படிக்காமல் போகும். கோடுகள் குறுக்கே, ஏணிப்படி மாதிரி அச்சாகும்படி திருப்பிவிட்டால், கீற்று எல்லாக் கோடுகளையும் ஒரே இடத்தில் வெட்டும். மேலும் கீழும் மிச்சமிருப்பதை ஸ்கேனர் படித்துக்கொள்ளும். இன்னொன்று, இரண்டு பக்கமும் இருக்க வேண்டிய வெற்றிடம். கோட் 128 வகைக்கு மெல்லிய கோட்டைப் போலப் பத்து மடங்கு இடம் இருபுறமும் வேண்டும். அழகுக்காகச் சுற்றிக் கட்டம் போட்டு அந்த இடத்தை விழுங்கிவிடுகிறார்கள், பிறகு ஸ்கேனர் மேல் பழி.

ஃபோனா, ஹேண்ட்ஹெல்டா

இதற்கு ஒரு கணக்கு போதும். ஒருவர் ஒரு ஷிஃப்டில் எத்தனை ஸ்கேன் செய்கிறார்? ஃபோன் கேமராவில் ஆப் திறந்து, குறி வைத்து, ஃபோகஸ் பிடித்துப் படிக்கும் நேரத்துக்கும், பக்கவாட்டுப் பட்டனை அழுத்தியதும் படிக்கும் இமேஜருக்கும் ஸ்கேனுக்கு இரண்டு விநாடி வித்தியாசம் என்று வையுங்கள். 1,500 ஸ்கேனுக்கு 3,000 விநாடி, அதாவது 50 நிமிடம். ஒவ்வொரு ஆளுக்கும், ஒவ்வொரு நாளும். விலை வித்தியாசத்தை அந்தச் சம்பள நேரம் எத்தனை மாதத்தில் விழுங்கும் என்பதை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். டெலிவரியில் 60 பார்சல், 60 கையெழுத்து, 60 புகைப்படம் என்றால் அதே வித்தியாசம் இரண்டு நிமிடம்தான். அங்கே நல்ல கேமரா, நல்ல சிக்னல், சட்டைப் பையில் அடங்கும் அளவு, இவைதான் முக்கியம். நூறு ஸ்கேனுக்குக் கீழே ஃபோன் என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம். இருட்டு, கையுறை, மழை இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் அந்தக் கோடு கீழே இறங்கும்.

ஃபோனுக்குப் போனால் ஒரு விலை பிறகு வரும்: மாடல் ஓராண்டில் சந்தையில் இருக்காது. உடைந்ததற்குப் பதில் வாங்கும்போது அளவு மாறும், உறை மாறும், சார்ஜர் ஸ்டாண்ட் மாறும், ஆப்பை மறுபடி சோதிக்க வேண்டும். ஹேண்ட்ஹெல்ட் மாடல்கள் பல ஆண்டுகள் விற்பனையில் இருக்கும், அதன் பிறகும் உதிரிபாகம் கிடைக்கும். இரண்டையும் கலந்து வாங்குவதில் தவறில்லை. ஒரே ஆப், ஒரே ஆண்ட்ராய்டு வரிசையில் இருந்தால் சரி.

பீப் சத்தத்துக்குப் பிறகு

எல்லோரும் கவனிக்காமல் விடும் இடம் இது. பீப் என்று சத்தம் வந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஸ்கேனர் படித்தது ஆப்புக்குள் என்னவாகப் போய் விழுகிறது என்பதுதான் விஷயம்.

ஒரு பெட்டியில் ஜிஎஸ்1-128 லேபிள் (பல தகவல்களை ஒரே பார்கோட்டில் அடுக்கும் வகை) இருக்கிறது என்று வையுங்கள். அதில் ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் ஓர் அடையாள எண் வரும். 01 என்றால் அடுத்து 14 இலக்கப் பொருள் எண். 17 என்றால் காலாவதித் தேதி, ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ஆறு இலக்கம். 10 என்றால் பேட்ச் எண். அது 20 எழுத்து வரை எவ்வளவு நீளமும் இருக்கலாம். நீளம் நிலையாக இல்லாததால், பேட்ச் எண் எங்கே முடிகிறது என்று காட்ட ஒரு பிரிப்புக் குறி நடுவில் வரும். எழுத்துகளுக்குக் கணினி எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் அதன் எண் 29. திரையில் தெரியாது, கீபோர்டில் அதற்கென்று விசையும் கிடையாது.

இப்போது பேட்ச் 4512, காலாவதி 2027 மார்ச் 31. லேபிளில் இருப்பது 10, 4512, பிரிப்புக் குறி, 17, 270331. ஸ்கேனர் இதை விசை அடிப்பதுபோல ஆப்புக்கு அனுப்பும் அமைப்பில் இருந்தால், விசை இல்லாத பிரிப்புக் குறி வழியில் உதிர்ந்துவிடும். ஆப்புக்குக் கிடைப்பது 10451217270331. 10-க்குப் பின்னால் வருவதெல்லாம் பேட்ச் என்று எடுத்துக்கொண்டு 451217270331 என்று பதிந்துவிடும். 12 எழுத்து, 20-க்கு உட்பட்டதுதான், எனவே பிழை என்று எதுவும் கத்தாது. காலாவதித் தேதி இல்லாமல், உலகத்தில் இல்லாத ஒரு பேட்ச் எண்ணோடு சரக்கு உள்ளே போய் உட்கார்ந்துவிடும். மாதக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போதுதான் விழிப்பார்கள்.

இதற்கு வழி இரண்டு. ஸ்கேன் தரவை விசைகளாக அனுப்பாமல், ஆண்ட்ராய்டின் இன்டென்ட் (ஓர் ஆப் இன்னொன்றுக்குத் தரவு கொடுக்கும் வழி) வழியாக ஆப்புக்கு நேராக அனுப்பச் செய்யுங்கள். ஜீப்ரா கருவிகளில் டேட்டாவெட்ஜ் என்ற ஆப் இந்த வேலையைச் செய்கிறது. மற்ற பெரிய தயாரிப்பாளர்களும் இதற்கு நிகரான ஒன்றைக் கொடுக்கிறார்கள். இன்னொன்று, லேபிளை அச்சிடுபவரிடம் நீளம் நிலையான தகவல்களை முன்னாலும் பேட்ச் எண்ணைக் கடைசியிலும் வைக்கச் சொல்லுங்கள். கடைசியில் இருப்பதற்குப் பிரிப்புக் குறி தேவையில்லை. தேதியிலும் ஒரு வில்லங்கம் உண்டு. நாள் இருக்கும் இடத்தில் 00 என்று அச்சிட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் என்று பொருள். அதை அறியாமல் எழுதிய ஆப், 'தவறான தேதி' என்று பெட்டியைத் திருப்பி அனுப்பும்.

விசை அடிக்கும் அமைப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஸ்கேன் முடிவில் என்டர் சேர்த்து அனுப்பும்படி வைத்திருப்பார்கள். திரையில் 'இந்த வரியை நீக்கவா?' என்று கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒருவர் அவசரத்தில் அடுத்த பெட்டியை ஸ்கேன் செய்தால், அந்த என்டர் 'ஆம்' என்று பதில் சொல்லிவிடும்.

பூஜ்யத்தையும் விட்டுவிடக் கூடாது. யுபிசி-ஏ பார்கோடு 12 இலக்கம். அதையே முன்னால் ஒரு 0 சேர்த்து 13 இலக்கமாகவும் ஸ்கேனர் அனுப்பலாம். இரண்டு மாடல் கருவிகளில் இந்த அமைப்பு வேறுவேறாக இருந்தால், ஒன்றில் கிடைக்கும் பொருள் இன்னொன்றில் 'இல்லை' என்று வரும். பொருள் எண்ணை எண்ணாகச் சேமிக்காமல் எழுத்துச்சரமாகச் சேமியுங்கள், முன்பூஜ்யம் தப்பிக்கும்.

பிறகு, தேவையில்லாத பார்கோடு வகைகளை அணைத்து வையுங்கள். அட்டைப் பெட்டிகளில் வரும் ஐடிஎஃப்-14 வகையில் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் மிக எளியவை. லேபிளின் குறுக்கே சாய்வாக ஓடிய ஒரு பார்வைக்குப் பாதிக் கோடுகளே முழு பார்கோடாகத் தெரிந்து, குறைந்த இலக்கத்தில் ஓர் எண்ணைப் படித்துவிட முடியும். அந்த வகைக்கு நீளம் 14 மட்டுமே என்று பூட்டிவிட்டால் தொல்லை தீரும். கோட் 39 வகையில் சரிபார்ப்பு இலக்கம் கட்டாயமில்லை, அதனால் அது வேண்டாத இடத்தில் திறந்து கிடக்கக் கூடாது. இந்த அமைப்புகளை ஒரு கருவியில் சரி செய்து, கோப்பாக எடுத்து, மற்ற எல்லாவற்றிலும் ஏற்ற முடியுமா என்பதை வாங்கும் முன்பே கேளுங்கள். 40 கருவியில் கையால் செய்தால் ஏதாவது ஒன்று கட்டாயம் மாறிப்போகும்.

விழுவது, நனைவது

ஐபி எண்ணில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி54 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். ஐபி65 என்றால் தூசி உள்ளே போகவே போகாது, குழாயில் பீய்ச்சுவதையும் தாங்கும். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். பெரிய எண் சின்ன எண்ணையும் உள்ளடக்கியது என்று நினைப்பது பொதுவான தப்பு. முக்கியெடுக்கும் சோதனையில் தேறியது, பீய்ச்சும் சோதனையிலும் தேறியதாகாது. ஹோஸ் போட்டுக் கழுவும் இடமென்றால் ஐபி65 என்றும் ஐபி67 என்றும் இரண்டும் போட்டிருக்கிறதா பாருங்கள். யுஎஸ்பி மூடி கழன்ற பிறகு இந்த எண் எதற்கும் பொருளில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

விழும் சோதனையில் 'மில் ஸ்டாண்டர்டு 810' என்ற அமெரிக்க ராணுவச் சோதனை விதியின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அதன் வழக்கமான சோதனை 122 செ.மீ. உயரத்திலிருந்து 26 முறை: ஆறு முகம், எட்டு மூலை, பன்னிரண்டு விளிம்பு. விழும் தரை கான்கிரீட்மேல் போட்ட பிளைவுட். அந்த 26-ஐ ஐந்து கருவிகள் வரை பகிர்ந்துகொள்ளவும் விதி இடம் கொடுக்கிறது. அதனால் மூன்று கேள்வி: வெறும் கான்கிரீட்டிலா, எந்த வெப்பநிலையில், உறை போட்டா போடாமலா? டம்பிள் சோதனை எண்ணிக்கை இதைவிட உபயோகமான செய்தி. சுழலும் பெட்டிக்குள் போட்டு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை விழவைப்பார்கள்; நாள்தோறும் சின்னச் சின்னதாய் அடிபடும் கருவிக்கு அதுதான் நெருங்கிய கணக்கு. ஷிஃப்டில் வேலை செய்கிறவர்கள் கைப்பட்டை போட்டிருந்தால் பாதி விழுதல் நடக்கவே நடக்காது. பட்டைதான் செலவிலேயே மிகச் சிறியது, அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

குளிரறை இருந்தால் பேச்சே வேறு. மைனஸ் 20-இல் கருவி வேலை செய்யும். வெளியே வந்ததும் ஸ்கேன் கண்ணாடியில் பனி படர்ந்து ஐந்து நிமிடம் குருடாகும். உள்ளேயும் வெளியேயும் போய்வரும் ஆளுக்குச் சூடாக்கும் கண்ணாடி உள்ள மாடலே வேண்டும். வெடிக்கும் வாயுவோ மாவுத் தூசியோ உள்ள இடங்களுக்கு அதற்கென்று சான்று பெற்ற கருவி தனி. அதை இந்தப் பட்டியலோடு கலக்க வேண்டாம்.

பேட்டரி

4,000 எம்ஏஎச் (மில்லியாம்பியர்-மணி) என்று போட்டிருந்தால் பத்து மணி நேர ஷிஃப்டுக்குச் சராசரி 400 மில்லியாம்பியருக்குள் கருவி ஓட வேண்டும். திரை வெளிச்சம், வலுவில்லாத மொபைல் சிக்னலைத் தேடிக்கொண்டிருக்கும் ரேடியோ, ஜிபிஎஸ், இவை மூன்றும்தான் அதை மீறவைப்பவை. ஸ்கேன் விளக்கு அல்ல. புதுக் கருவியை முழு ஷிஃப்ட் ஓட்டிப் பார்க்கும்போது கடைசியில் 30 சதவீதமாவது மிச்சம் இருக்க வேண்டும். லித்தியம் அயான் பேட்டரி சில நூறு சார்ஜ் சுற்றில் புதிதாய் இருந்ததில் 80 சதவீதத்துக்கு இறங்கும். நாளுக்கு ஒரு சார்ஜ் என்றால் இரண்டு ஆண்டுக்குள் அந்த நிலை வந்துவிடும்.

அதனால் பேட்டரி கழற்றக்கூடியதாக இருக்கட்டும். ஃபோனைவிட ஹேண்ட்ஹெல்டைத் தேர்வு செய்ய இதுவே பாதிக் காரணம். இரண்டு ஷிஃப்ட் ஓடும் இடத்தில் கருவிக்கு இரண்டு பேட்டரி, ஒவ்வொன்றிலும் எண்ணும் தேதியும் எழுதி. ஹாட் ஸ்வாப் (அணைக்காமலே பேட்டரி மாற்றலாம்) என்று எழுதியிருந்தால் நம்பாமல் சோதியுங்கள்: ஓர் ஆர்டரைப் பாதி எடுத்த நிலையில் பேட்டரியைக் கழற்றி, பாதி நிமிடம் கழித்து வேறொன்றைப் போடுங்கள். திரை அதே வரியில் நிற்கிறதா, வைஃபை தானாகச் சேர்ந்ததா, சர்வர் மறுபடி பாஸ்வேர்டு கேட்கிறதா? கருவி தாங்கினாலும் ஆப் தாங்காமல் போவதுண்டு.

'சார்ஜ் ஏறவில்லை' என்று வரும் புகாரில் பெரும்பகுதி கிரேடிலில் (கருவியை நிறுத்திச் சார்ஜ் செய்யும் ஸ்டாண்டில்) இருக்கும் பித்தளை நிறத் தொடர்புமுனைகள் அழுக்கேறியதால். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் வாரம் ஒருமுறை துடைத்தால் தீரும். பின்மூடி சரியாக அமரவில்லை என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது; அழுத்தி மூடாமல் அன்றே ஒதுக்குங்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யவும் கூடாது, உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும்.

வைஃபை

மூலையில் நின்றால் ஆப் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்பார்கள். சிக்னல் இல்லாமல் இப்படி ஆவது ஒரு வகை. சிக்னல் இருந்தும் ஆவது இன்னொரு வகை, அதுதான் அதிகம். ஆள் நடந்துகொண்டே இருக்கிறார். கருவி ஓர் ஆக்சஸ் பாயின்டை (வைஃபை சிக்னல் தரும் பெட்டியை) விட்டு அடுத்ததற்குத் தாவ வேண்டும். தாவாமல் பழையதையே பிடித்துக்கொண்டு தொங்கும். பிறகு தாவும்போது ஒவ்வொரு முறையும் முழு அடையாளச் சோதனை நடந்தால், அதற்குள் ஆப்பின் இணைப்பு அறுந்துவிடும். 802.11ஆர் என்ற வேகத் தாவலும், அக்கம்பக்கத்து ஆக்சஸ் பாயின்டுகளைக் கருவிக்குச் சொல்லும் 802.11கே-யும் கருவியிலும் உங்கள் வைஃபை அமைப்பிலும் இரண்டிலும் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இருந்து பயனில்லை.

ரேக் காலியாக இருக்கும்போது சிக்னல் அளக்காதீர்கள். தண்ணீர் பாட்டில், எண்ணெய் டின் அடுக்கியதும் அதே இடத்தில் அளவு விழுந்துவிடும். சரக்கு நிறைந்த நாளில், வாங்கப்போகும் கருவியையே கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சந்தாக நடந்து, சிக்னல் வலிமை மைனஸ் 67 டிபிஎம்முக்குக் கீழே போகும் இடங்களைக் குறியுங்கள். லேப்டாப்பின் ஆன்டெனா வேறு, அது காட்டும் அளவு இதற்கு உதவாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல் மூன்றுதான்: 1, 6, 11. புளூடூத் பிரின்டரும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள்.

எவ்வளவு நல்ல வைஃபை இருந்தாலும் ஆப் இணைப்பு இல்லாமலும் ஓட வேண்டும். ஒரு லட்சம் பொருள், பொருளுக்கு 200 பைட் என்றால் 20 எம்பிதான்; கருவிக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஸ்கேனையும் முதலில் உள்ளூர் தரவுத்தளத்தில் எழுதி, பிறகு அனுப்ப வேண்டும். அனுப்பியது போய்ச் சேர்ந்து, 'வந்தது' என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்தால், கருவி மறுபடி அனுப்பும், சரக்கு இரட்டிப்பாகும். ஒவ்வொரு பதிவுக்கும் கருவியிலேயே தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் இரண்டாவது முறை வந்தால் சர்வர் ஒதுக்கிவிட வேண்டும். ஆப் எழுதுபவரிடம் இதைச் செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். முகம் மாறினால் செய்யவில்லை.

எத்தனை ஆண்டு ஓடும்

பழைய விண்டோஸ் ஹேண்ட்ஹெல்டுகள் மலிவாகக் கிடைக்கும், தொடாதீர்கள். விண்டோஸ் எம்பெடட் ஹேண்ட்ஹெல்ட் 6.5-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்தது. ஆண்ட்ராய்டில் பார்க்க வேண்டியது இரண்டு. கூகுளின் 'ஆண்ட்ராய்டு என்டர்பிரைஸ் ரெகமெண்டட்' பட்டியலில் ரக்கட் பிரிவில் வரும் கருவிக்கு ஐந்து ஆண்டு பாதுகாப்பு அப்டேட் உறுதி உண்டு. ஆனால் அந்த ஐந்து, மாடல் வெளியான நாளிலிருந்து எண்ணப்படுவது, நீங்கள் பில் போட்ட நாளிலிருந்து அல்ல. நான்காம் ஆண்டில் தள்ளுபடியில் வாங்கினால் கையில் மிச்சம் ஓராண்டு. இரண்டாவது, கூகுள் சேவைகள் உள்ள பதிப்பா இல்லாத பதிப்பா என்பது. இல்லாத பதிப்பில் கூகுள் மேப்பும், கூகுள் வழியாக வரும் புஷ் அறிவிப்பும் வேலை செய்யாது. டெலிவரி ஆப் அங்கே முடங்கும்.

65 கருவியை எம்டிஎம் (எல்லாக் கருவியையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்) இல்லாமல் நடத்த முடியாது. புதுக் கருவியின் வரவேற்புத் திரையில் ஆறு முறை தட்டினால் க்யூஆர் படிக்கும் திரை வரும். எம்டிஎம் தரும் க்யூஆரைக் காட்டினால் ஆப், வைஃபை, பூட்டுத்திரை எல்லாம் தானே இறங்கும். சிஸ்டம் அப்டேட்டைத் தானாக இறங்கவிடாமல் நிறுத்தி, இரண்டு கருவியில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அனுப்புங்கள். வைஃபைக்குள் நுழையப் பாஸ்வேர்டுக்குப் பதில் டிஜிட்டல் சான்றிதழ் பயன்படுத்தினால் அது காலாவதியாகும் தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். அது முடிகிற நாள் காலையில் எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் வெளியே நிற்கும். புதிய சான்றிதழை அனுப்ப வைஃபைதான் வேண்டும், அந்த வைஃபைக்குள் போக முடியாது.

வாங்கும் முன் இரண்டு வாரம்

இரண்டு மாடலைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் மூன்று கருவி இரவல் கேளுங்கள். முதல் வாரம் மூன்று பேருக்கு ஒரு மாடல், அடுத்த வாரம் மாற்றி. கணினிப் பிரிவு ஆள் வேண்டாம். தினமும் பெட்டி தூக்குகிறவர், அதிலும் ஒருவர் கண்ணாடி அணிந்தவர், ஒருவர் இடது கைக்காரர். கையுறை போட்டு எண் அடித்துப் பார்க்கட்டும். நாள் முழுக்க அளவு தட்டும் வேலை என்றால் தொடுதிரையைவிட விசைப்பலகை உள்ள மாடல் ஜெயிக்கும். ஸ்கேன் மட்டும் என்றால் விசைகள் வெறும் எடை. 300 கிராமுக்கும் 500 கிராமுக்கும் வித்தியாசம் மேசையில் தெரியாது, மாலை நான்கு மணிக்கு மணிக்கட்டில் தெரியும்.

அந்த இரண்டு வாரத்தில் ஆப்பில் ஒரே ஒரு விஷயத்தைக் கூடுதலாகப் பதியச் சொல்லுங்கள்: இந்த மதிப்பு ஸ்கேன் செய்ததா, கையால் அடித்ததா என்பது. ஸ்கேன் ஆகாதபோது ஆட்கள் புகார் சொல்ல மாட்டார்கள், எண்ணைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எந்த லேபிளில், எந்தச் சந்தில், எந்தக் கருவியில் கையால் அடித்தது கூடுகிறது என்று பார்த்தால், இதுவரை சொன்ன அத்தனையும் தானாக வெளியே வரும்.

விலை ஒப்பிடும்போது கருவியை மட்டும் ஒப்பிடாதீர்கள். கிரேடில், கூடுதல் பேட்டரி, பேட்டரி சார்ஜர், கைப்பட்டை, இடுப்பு உறை, எம்டிஎம் கட்டணம், ஐந்தாண்டு சேவை ஒப்பந்தம், மூன்றாம் ஆண்டு மாற்றப்போகும் பேட்டரிகள் எல்லாம் சேர்ந்ததுதான் விலை. சாதாரண வாரன்டியில் விழுந்து உடைந்த திரை அடங்காது. அது அடங்கும் ஒப்பந்தம் தனி, பெரும்பாலும் வாங்கும்போதே எடுத்தாக வேண்டும். பழுதுக்கு அனுப்பினால் எத்தனை வேலைநாளில் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கிரேடில் எங்கே நிற்கும், அங்கே எத்தனை பிளக் பாயின்ட் இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள். சின்ன விஷயம், ஆனால் திறப்பு நாளில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேடி ஓடவைக்கும்.

கிடங்கின் 40-க்கு நான்கு கருவி ஸ்பேர் என்று சேர்த்தே ஆர்டர் போடுங்கள். அந்த நான்கையும் பெட்டியிலேயே வைத்துவிடாமல் எம்டிஎம்மில் சேர்த்து, கிரேடிலில் நிறுத்தி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மற்றவற்றோடு சுழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒன்று உடைந்த அன்று எடுக்கும் ஸ்பேர், சார்ஜ் இல்லாமல், ஆறு மாதப் பழைய ஆப்போடு, காலாவதியான சான்றிதழோடு கையில் வரும்.